பேச்சுதான் போச்சு, மற்றதெல்லாம் புரியுதா?

மணலி புதுநகரில் பக்கவாதம் வந்து பேச்சு திணறும் ஒருவரைப் பார்க்கப் போனால், வீட்டார் இப்படிப் பலதும் சொல்வார்கள்.

நம்பிக்கை: "பேச்சோட புத்தியும் போயிடுச்சு."

உண்மை: இல்லை. மொழி குலையும் இந்த நிலையின் பெயர் அஃபேசியா. பெரும்பாலோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடது பாதி. அங்கே ரத்தக்குழாய் அடைத்தாலோ, விபத்தில் அடிபட்டாலோ மொழி குலைகிறது. அவர் எதிரிலேயே "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசுவது கொடுமை.

நம்பிக்கை: "வாய்தான் வரலை, நாம சொல்றது அத்தனையும் புரியுது."

உண்மை: இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். 1861-இல் பாரிஸில், 'டான்' என்ற ஓரசையையே சொல்லிக்கொண்டிருந்த நோயாளி இறந்த பின் அவர் மூளையை மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்தார். இடது முன்பகுதி சிதைந்திருந்தது. அங்கே அடிபட்டால் பேச்சுதான் தடைபடும், புரிதல் தப்பிவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1976-இல் கரமாஸ்ஸா, ஜூரிஃப் என்ற ஆய்வாளர்கள் நடத்திய சோதனை அந்த எண்ணத்தை அசைத்தது.

தமிழில் பார்ப்போம். "டிரைவர் டீ குடிச்சார்" என்பது இவர்களுக்குப் புரிந்துவிடும். டீ டிரைவரைக் குடிக்காது. "பஸ்ஸை லாரி முந்திச்சு" என்று சொல்லி, பொன்னேரி நெடுஞ்சாலையில் எது முன்னால் போகிறது என்று கேளுங்கள். இரண்டுமே முந்தக்கூடியவை. விடை 'ஐ' என்ற ஒற்றை உருபில் இருக்கிறது. அதைப் பிடிக்க முடியாதவர் முதலில் காதில் விழுந்த பஸ்ஸையே காட்டிவிடலாம். சொல் தெரிகிறது, யார் யாரை என்பது தவறுகிறது. அவர் பேசும்போதும் "நான்... ஆஸ்பத்திரி... பஸ்..." என்று உருபும் வினையும் உதிரும்.

இலக்கணம் அடியோடு அழிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 1983-இல் வெளியான ஆய்வில் இப்படிப்பட்டவர்கள் பிழையான வாக்கியங்களைப் பெரும்பாலும் சரியாகவே பிரித்துச் சொன்னார்கள். அறிவு உள்ளே இருக்கிறது. பேச்சின் வேகத்துக்கு அதை எடுத்துப் பயன்படுத்த முடிவதில்லை என்று கருத இது இடம் தருகிறது.

ஆகவே செய்தவரை முதலில் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு சேதி போதும். கத்த வேண்டாம், குறை காதில் இல்லை.

நம்பிக்கை: "நாக்குல வசம்பு தேய்ச்சா சரியாகும்."

உண்மை: கோளாறு மூளையில். விழுங்குவதும் பாதித்திருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் வாயில் எதையும் வைக்காதீர்கள்.

நம்பிக்கை: "ஆறு மாசம் தாண்டினா தேறாது."

உண்மை: வேகமாகத் தேறுவது முதல் சில மாதங்களில்தான். ஆனால் ஆண்டுகள் கழிந்த பின்னும் பேச்சுப் பயிற்சி பலன் தருகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சு-மொழிக் குறைபாட்டை விளக்கும் இடத்தில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. குறை நிரந்தரமாகிவிட்டால் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள்.