டிரையர் சுடுகிறது, துணி காயவில்லை

கேள்வி: நாங்கள் செமோரில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். தோட்டத்தில் இருந்தவரை என் மாமனார் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் வேலை பார்த்தவர். இங்கே மழைக்காலத்தில் துணி காய்வதில்லை. வெயில் நாளில் கொடியில் போட்டால் குவாரி லாரிகளின் தூசு படிகிறது. அதனால் மூன்று வருடத்துக்கு முன் ஏழு கிலோ டிரையர் ஒன்று வாங்கினோம். பின்னால் குழாய் வைத்து ஈரக்காற்றை வெளியே விடும் ரகம். முன்பு ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்த துணி இப்போது இரண்டு தடவை ஓட்டினாலும் ஈரமாக இருக்கிறது. மெஷினின் மேல் தகடு கொதிக்கிறது. சில நாள் பாதியில் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. பிளக்கும் சுடுகிறது. பார்க்க வந்தவர் போர்டு போய்விட்டது, 450 வெள்ளி ஆகும் என்கிறார். மாற்றலாமா? சமையலறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் வேறு வருகின்றன. இன்னொன்று, மாமியாரின் ரப்பர் நுரைத் தலையணையை டிரையரில் போடலாமா?
— ஒரு வாசகி, செமோர்

பதில்: சகோதரி, போர்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் காற்று போகும் வழியில்தான் இருக்கிறது. ஆனால் பிளக் சுடுகிறது என்றீர்களே, அதைச் சரிசெய்யும்வரை மெஷினை ஓட்ட வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாமனாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பச்சை ஷீட்டைத் தொங்கவிட்ட முதல் நாள், புகைக்கூடத்தின் கூரைத் திறப்புகளை ஏன் திறந்து வைத்தார்கள் என்று. ஈரக்காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் எவ்வளவு விறகு எரித்தாலும் ஷீட்டுக்குள் வெள்ளைத் திட்டு நின்றுவிடும். டிரையரும் அப்படித்தான். சூடு ஈரத்தைத் துணியிலிருந்து கிளப்பும், அவ்வளவுதான். அதை வெளியே கொண்டுபோவது காற்று. குழாய் அடைத்துக்கொண்டால் சூடான ஈரக்காற்று டிரம்முக்குள்ளேயே சுற்றும். உள்ளே சூடு அளவுக்கு மீறியதும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தும், ஆறியதும் போடும், மறுபடி நிறுத்தும். இப்படியே நேரம் போகும். தகடு கொதிக்கும், துணி ஈரமாகவே கிடக்கும். பாதியில் நின்று, ஆறிய பிறகு ஓடுவதும் இதே கதைதான். மோட்டார் சூடேறினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு அதற்குள் இருக்கிறது. செத்துப்போன போர்டு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்ததும் ஒழுங்காக எழுந்து வேலை செய்வது அபூர்வம்.

இதை நீங்களே சோதிக்கலாம். பிளக் கோளாறைச் சரிசெய்த பிறகு மெஷினை முன்னால் இழுத்து, பின்பக்கக் குழாயைக் கழற்றிவிடுங்கள். சன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்து, வழக்கத்தில் பாதி துணி போட்டு, பக்கத்திலேயே நின்று இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பின் துவாரத்தில் பலமான சூடான காற்று வந்து, துணியிலும் வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி குழாய்தான். காற்று அப்போதும் மெலிந்தே வந்தால் அடைப்பு மெஷினுக்குள் இருக்கிறது.

குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெட்டியோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் என்றால் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சு அப்பியிருக்கும். நம் ஊர் ஈரத்தில் அந்தப் பஞ்சு காய்ந்து உதிராமல் களி மாதிரி இறுகிவிடுகிறது. மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்திருந்தால் குழாய் நசுங்கியும் இருக்கும். சுவருக்கு வெளியே மூடி இருந்தால் அதையும் பாருங்கள். குளவி கூடு கட்டியிருக்கும், பல்லி செத்துக் கிடக்கும். பழைய குழாயைக் கழுவி மாட்டுவதைவிட, உள்பக்கம் வழுவழுப்பான அலுமினியக் குழாய் வாங்கிப் போடுங்கள். மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். வளைவு ஒன்று போதும், தவிர்க்கவே முடியாவிட்டால் இரண்டு.

பிறகு ஃபில்டர். ஒவ்வொரு முறையும் பஞ்சை எடுக்கிறேன் என்பீர்கள். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் போடும் வீடுகளில் வலைமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்கு படிகிறது. வலையைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கினால், காற்றும் அப்படித்தான் தேங்குகிறது. பழைய பல்துலக்கியும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரத்தை உணர்ந்து தானாக நிற்கும் மெஷின் என்றால், டிரம்முக்குள் கதவுப் பக்கமாக இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். அதே பிசுக்கு அவற்றின்மேல் படிந்தால், துணி காய்ந்துவிட்டதாக நினைத்து மெஷின் முன்கூட்டியே நின்றுவிடும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

வலையைத் தாண்டும் பஞ்சு ஹீட்டரையும் மோட்டாரையும் சுற்றிச் சேரும். வருடத்துக்கு ஒரு தடவை பின்தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கை எடுத்தபோது, வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடந்திருந்தன. காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விட்டதற்கு, 34 விழுக்காடு. பிரிட்டனில் 2015இல் வேர்ல்பூல் நிறுவனம், 2004 முதல் 2015 வரை செய்த தன் சில ரக டிரையர்களில் பஞ்சு ஹீட்டர்மேல் விழுந்து தீப்பிடிக்கலாம் என்று எச்சரிக்கை விட்டது. 2019இல் சரிசெய்யப்படாமல் மிச்சமிருந்த மெஷின்களைத் திரும்பப் பெறும் நிலை வந்தது. பஞ்சு என்று சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.

வேறு அறிகுறிகளும் வரலாம். டிரம் சுற்றி, வெறும் குளிர்ந்த காற்று மட்டும் வந்தால், அதிகச் சூட்டில் அறுந்துபோகும் பாதுகாப்பு பியூஸ் போயிருக்கும், அல்லது ஹீட்டர் கம்பி அறுந்திருக்கும். பியூஸ் விலை குறைந்த சாமான்தான். ஆனால் அடைப்பை எடுக்காமல் பியூஸை மட்டும் மாற்றினால் அது மறுபடி அறுந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு துண்டு வயரைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய யாரையும் விடாதீர்கள். வீடு தீப்பிடிக்காமல் காக்கும் கடைசிக் காவல் அதுதான்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு டிரம் சுற்றாவிட்டால் பெல்ட் அறுந்தது. கையால் தள்ளினாலே டிரம் லேசாகச் சுற்றும். கிறீச்சிட்டால் உருளையோ பேரிங்கோ தேய்ந்தது. ஹீட்டர் சூடேறும்போது வீட்டு மின்சாரம் டிரிப் ஆனால் ஹீட்டரில் மின்கசிவு இருக்கலாம். சுவிட்சைத் தூக்கித் தூக்கிப் போடாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி பிளக். உங்கள் மெஷின் சுமார் 2,000 வாட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் மணிக்கணக்கில் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் அதைத் தாங்க வேண்டும். சுடுகிறது என்றால் சாக்கெட்டின் உள்பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது வயர் முனை லூசாகியிருக்கிறது. எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சுவர் சாக்கெட்டைப் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு மாற்றுங்கள், பிளக்கில் சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். போர்டு உண்மையிலேயே போவதற்கு மின்னலும் ஒரு காரணம்.

சுவரின் கறுப்புப் புள்ளிகளும் இதே கணக்கில்தான் வருகின்றன. துவைத்த துணியை ஒரு நாள் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஐந்து கிலோ துணி பிழிந்த பிறகு எட்டு கிலோ இருந்தால், மூன்று லிட்டர் தண்ணீரை மெஷின் ஆவியாக்க வேண்டும். குழாய் வெளியே போகாமல் சன்னல் ஓரத்தில் கிடந்தால் அந்த மூன்று லிட்டரும் உங்கள் சமையலறைக் காற்றில்தான் கலக்கிறது. பூஞ்சணம் வராமல் என்ன செய்யும்? உங்களுடையது போன்ற ரகத்தில் ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும். சூடான ஈரக்காற்றை அப்படியே வெளியே விடும் மெஷினில் இதைக் குறைக்க முடியாது. மூன்று லிட்டருக்கு இரண்டு யூனிட். அதனால் இந்த ரக 2,000 வாட் மெஷின் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகக் காயவைக்கவே முடியாது. ஒன்றரை மணி நேரம் எடுத்தால் அது நல்ல மெஷின். வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை வேகமாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். பிழிவதற்கு ஆகும் மின்சாரம் இதில் ஒரு சிறு பங்குதான். இன்னொன்றையும் கவனியுங்கள். பத்து கிலோ வாஷிங் மெஷினில் துவைத்த அத்தனையையும் ஏழு கிலோ டிரையரில் திணிக்கிற வீடுகள் நிறைய. துணி புரள இடமில்லாவிட்டால் காற்று நுழையாது.

தீபாவளி நேரம் ஈப்போ பக்கத்தில் நல்ல மழை. எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டுகள் டிரையருக்கு வரும். துவைத்தாலும் எண்ணெய் முழுவதும் போவதில்லை. சூடான துண்டுகளை மடித்து அடுக்கி வைத்தால், நல்லெண்ணெய் போன்ற எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து உள்ளுக்குள் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். விளக்குத் துடைக்கும் துணிக்கும் இதேதான். அவற்றை டிரையரில் போடவே வேண்டாம், தாழ்வாரத்தில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். மற்றத் துணிகளையும், கடைசியில் குளிர்ந்த காற்று ஓடும் பத்து நிமிடத்தை வெட்டிவிட்டுச் சூட்டோடு அள்ளிக் குவிக்காதீர்கள்.

மாமியாரின் தலையணை ரப்பர் நுரை என்றால் டிரையரில் கூடாது. நுரைக்குள் சூடு தேங்கித் தீப்பிடிக்கலாம் என்று டிரையர் கையேடுகளே எச்சரிக்கின்றன. நனைந்திருந்தால் பெரிய துண்டில் சுற்றி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, முறுக்காமல், நிழலில் விசிறிக்கு முன் சாய்த்து வையுங்கள். இரண்டு நாள் ஆகும். நேர் வெயிலில் வைத்தால் ரப்பர் மஞ்சளாகி நொறுங்கிவிடும்.