கூரையின் விலை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. உறையுளைக் காப்பது கூரை. அக்கூரையின் விலை யாது? அதனை வேயும் நாளில் நாம் கொடுக்கும் பணமே என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்துமா என ஆராய்வோம்.

கும்பகோணத்திற்குத் தெற்கே, காவிரி வளம் பெற்ற நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர் வலங்கைமான். முன்னர்த் தஞ்சை மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சார்ந்தது. நெல்லும் தென்னையும் மூங்கிலும் மிகுந்த இப்பகுதியில், எளிய மக்கள் வைக்கோலாலும் தென்னங்கீற்றாலும் தம் இல்லங்களை வேய்ந்தனர். அப்பொருள்கள் அண்மையிலேயே கிடைத்தன. கோடையில் வீடும் குளிர்ச்சியாய் இருந்தது. ஆயினும், ஐப்பசி, கார்த்திகைத் திங்களின் அடைமழையில் நனைந்து நனைந்து கீற்று இற்றுப்போகும். ஆதலின், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையைப் பிரித்துப் புதிதாய் வேய்தல் வேண்டும்.

இனி, ஒரு கணக்கினைக் காண்போம். ஒருவர் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை 12,000 ரூபாய் செலவிட்டுக் கீற்று வேய்கிறார் எனக் கொள்வோம். 30 ஆண்டுகளில் அவர் 15 முறை வேய்வார். செலவு 1,80,000 ரூபாய். மற்றொருவர் 1,20,000 ரூபாயில் ஓட்டுக் கூரை அமைத்து, உடைந்த ஓடுகளை மாற்ற ஆண்டுதோறும் 1,500 ரூபாய் செலவிடுகிறார் எனக் கொள்வோம். 30 ஆண்டுகளில் அவர் செலவு 1,65,000 ரூபாய். மலிவெனத் தோன்றியதே முடிவில் மிகுந்த செலவாயிற்று!

அங்ஙனமாயின், ஏழையர் ஏன் ஓட்டினை நாடவில்லை? அவர்கள் கணக்கு அறியாதவர் அல்லர். கையில் 12,000 ரூபாய் உடையவர் 1,20,000 ரூபாய்க்கு எங்கே செல்வார்? நூற்றுக்கு 12 வட்டியில் அதனைக் கடனாய்ப் பெறின், முதலாண்டு வட்டியே 14,400 ரூபாய் ஆகும். அன்றியும், ஓட்டின் பாரத்தைத் தாங்க வலிய கைமரமும் உத்திரமும் வேண்டும். காங்கிரீட்டுத் தளமோ மண்சுவரின்மேல் நில்லாது; அதற்குச் சுவரும் அடித்தளமும் புதிதாய் அமைத்தல் வேண்டும். கூரையை மாற்றப் புகுந்தவர் வீட்டையே மாற்ற நேரிடும்.

பணத்தால் அளக்கவொண்ணாத விலையும் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள், கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றியது. மாணவச் செல்வங்கள் 94 பேர் உயிரிழந்தனர். அந்த இழப்பை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

தனியொருவரால் இயலாததைச் சமுதாயம் கூடிச் செய்தல் வேண்டும். தமிழக அரசு 2024ஆம் ஆண்டு ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. ஊரகக் குடிசைகளுக்கு மாற்றாக, 2030ஆம் ஆண்டுக்குள் 8 இலட்சம் காங்கிரீட்டு வீடுகள் அமைத்தல் அதன் நோக்கம். வீடு ஒன்றுக்கு 3½ இலட்சம் ரூபாய் என வகுக்கப்பட்டது. கூரைக்கு மட்டுமன்றி, அதனைத் தாங்கும் சுவருக்கும் சேர்த்தே உதவி வழங்குவது கருதத்தக்கது.

மாணவர்களே! ஒரு பொருளின் விலையைக் கேட்கும்போது, அது எத்தனை ஆண்டு உழைக்கும், அதனைப் பேண என்ன ஆகும், அது கெட்டால் யாருக்குத் தீங்கு நேரும் என்பவற்றையும் கேளுங்கள். குடிசையில் வாழ்பவரைக் காணும்போது, அவர் குறைவாகக் கொடுக்கிறார் என்று எண்ணாதீர்கள். அவர் நம்மினும் மிகுதியாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.