காபிக் கறை ஏன் வளையமாகக் காய்கிறது?

இந்த முறை சுவர் இதழின் அறிவியல் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் ரொம்பச் சின்னது. ஒரே ஒரு சொட்டு காபி!

பெஞ்சிலோ திண்ணையிலோ சிந்திய காபித் துளி காய்ந்த பிறகு உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் கறை வெளிறிப் போயிருக்கும். ஓரத்தில் மட்டும் பேனாவால் கோடு போட்ட மாதிரி அடர்த்தியாக ஒரு வளையம் இருக்கும். சிந்தும்போது துளி முழுக்க ஒரே நிறம்தானே? நடுவில் இருந்த காபியெல்லாம் ஓரத்துக்கு எப்படிப் போச்சு?

"ஓரம் மெல்லிசா இருக்கு, சீக்கிரம் காயுது, அவ்வளவுதான்" என்று நம்மில் பலர் சொல்லுவோம். அது பாதி பதில்தான். ஓரத்தில் இருந்த தண்ணீர் மட்டும் முதலில் காய்ந்தால், அங்கே கொஞ்சம் துகளும் நடுவில் நிறையத் துகளும்தானே மிஞ்ச வேண்டும்? நடப்பது நேர்மாறாக இருக்கிறதே!

இதற்கான விளக்கத்தை 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகன், சிட்னி நேகல், தாமஸ் விட்டன் முதலானோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். ஆதி காலத்திலிருந்து எல்லோர் கண்ணிலும் பட்ட கறைதான். ஆனால் "ஏன்?" என்று விடாமல் கேட்டவர்களுக்குத்தான் பதில் கிடைத்தது.

துளிக்குள் என்ன நடக்கிறது?

1. துளியின் விளிம்பு, பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் குறைந்தாலும் விளிம்பு உள்வாங்குவதில்லை. துளியின் வட்டம் அப்படியே இருக்க, உயரம் மட்டும்தான் குறைகிறது.

2. விளிம்பில் ஆவியாதல் வேகமாக நடக்கிறது. மணி அடித்ததும் வகுப்பில் யார் முதலில் வெளியே போவார்கள்? கதவோரம் இருப்பவர்கள்தானே! அதே மாதிரி விளிம்பில் உள்ள நீர் மூலக்கூறுகளுக்குப் பக்கவாட்டில் காலியான காற்று இருக்கிறது, சுலபமாகத் தப்பித்துப் போகின்றன.

3. விளிம்பில் தண்ணீர் போய்விட்டது, ஆனால் விளிம்பு நகராது. அப்படின்னா அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது? நடுவிலிருந்துதான் தண்ணீர் ஓடி வர வேண்டும். ஓடி வரும் தண்ணீர், காபித் துகள்களையும் கூடவே இழுத்து வருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, துகள்கள் விளிம்பிலேயே தங்கிவிடுகின்றன. இதுதான் வளையம்!

இதை அவர்கள் எப்படி உறுதி செய்தார்கள் தெரியுமா? நடுவில் சிறு துளை உள்ள மூடியால் துளியை மூடினார்கள். இப்போது ஆவி நடுவழியாகத்தான் போக முடியும். வளையம் வரவில்லை! வழவழப்பான டெஃப்லான் பரப்பில் துளியை வைத்தார்கள். விளிம்பு மாட்டிக்கொள்ளவில்லை, வளையமும் வரவில்லை. இரண்டு காரணங்களில் ஒன்று இல்லாவிட்டாலும் வளையம் இல்லை.

2011-இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தினர் இன்னொன்றைக் கண்டார்கள். துளி காய்ந்து முடியும் நேரத்தில் உள்ளே ஓட்டம் மிக வேகமாகிறது. முதலில் மெதுவாக வந்த துகள்கள் வரிசையாக அடுக்கி நிற்கின்றன. கடைசியில் வந்தவை தாறுமாறாகக் குவிகின்றன. நம்ம ஊர்ப் பேருந்தில் ஏறுவது மாதிரியேதான்!

இதனால் நமக்கு என்ன?

கறையைத் துடைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்காதீர்கள். இங்க்ஜெட் அச்சில் மைத்துளி வளையமாகக் காய்ந்தால் எழுத்து சீராக வராது. என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் துளித்துளியாகத்தான் இலையில் காய்கிறது. மருந்து விளிம்பில் ஒதுங்கிவிட்டால் நடு இலைக்குப் பாதுகாப்பு குறையும். மருந்துக்குக் கொடுத்த காசும் வீண்தானே?

எங்கள் அப்பா வேப்பங்கொட்டைக் கரைசலில் காதி சோப்பைக் கரைத்து ஊற்றுவார். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அதனால் மெழுகு பூசினாற்போன்ற இலையில் துளி உருண்டு விழாமல் பரவி ஒட்டுகிறது. பரவிய பிறகு அது சீராகக் காயவும் வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஒரு வழி துகளின் வடிவத்தில் இருக்கிறது. 2011-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யுங்கர், அர்ஜுன் யோத் குழுவினர் உருண்டைத் துகள்களை இழுத்து நீளமாக்கிப் பார்த்தார்கள். உருண்டைகள் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தன. நீளத் துகள்களோ தண்ணீரின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று சிக்கி வலை மாதிரி நின்றுவிட்டன. கறை சீராகப் படிந்தது. உருவத்தை மாற்றினால் கறையே மாறிவிடுகிறது!

செய்து பாருங்கள்

தேவை: காபி டிகாஷன், தண்ணீர், இங்க் ஃபில்லர், சுத்தமான கண்ணாடித் துண்டு, லென்ஸ்.

டிகாஷனில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, கண்ணாடியில் ஒரு சொட்டு விடுங்கள். காற்றடிக்காத இடத்தில், அசைக்காமல் காயவிடுங்கள். பிறகு வளையத்தை லென்ஸ் வழியாகப் பாருங்கள். கண்ணாடி கையைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதே கலவையில் துளி சோப்புத் தண்ணீர் சேர்த்துப் பக்கத்திலேயே இன்னொரு சொட்டு விடுங்கள். இரண்டு கறைகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? வளையத்தின் அகலம் எவ்வளவு? நடுப்பகுதி எப்படி இருக்கிறது? படம் வரைந்து, பெயரும் வகுப்பும் எழுதி, இந்தத் தாளுக்குக் கீழேயே ஒட்டுங்கள். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் கலந்துகொள்ளலாம்.