மெலிந்த ஆட்டைத் தேற்றும் முறை

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் காலத்தில் ஈப்போவிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் நம்மவர் பலர் ஆடு தேடிப் புறப்படுவது வழக்கம். கொழுத்த ஆட்டின் விலை கைக்கு எட்டாதபோது, கவனிப்பாரற்று எலும்பும் தோலுமாய் நிற்கும் செம்மறி ஒன்றை மலிவாக வாங்கி, பத்து நாள் நன்றாகத் தீனி போட்டால் தேறிவிடும் என்று ஓட்டி வந்துவிடுகிறார்கள். அப்படி வந்தவற்றுள் சில மூன்றாம் நாளே மாண்டுபோகின்றன. பட்டினியைத் தாங்கிய உயிர் விருந்தைத் தாங்காமல் போகிறது. இதன் காரணத்தையும், செய்ய வேண்டிய முறையையும் இப்பாடத்தில் கவனிப்போம்.

முதலில் மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம். முதுகும் வயிறும் ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இந்த வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளும்படி எச்சரித்ததாக அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. அவர்களே இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள் என்பதைப் புகாரி ஷரீபில் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களோ, தீனி போட இயலாதவன் பிராணியை விற்றுவிட வேண்டும், அல்லது உண்ணத்தக்கதாயின் அறுத்துவிட வேண்டும் என்கின்றன. வைத்துக்கொண்டு வாட்டுவதற்கு அனுமதியில்லை. எலும்பில் மஜ்ஜை அற்றுப்போகும்படி மெலிந்த பிராணி குர்பானிக்கு ஆகாது என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே மலிவு ஆட்டை வாங்குகிறவர், அதைத் தேற்றும் கடமையையும் சேர்த்தே வாங்குகிறார்.

பச்சைப் பசேலென்ற பேராக்கில் ஆடு ஏன் மெலிய வேண்டும் என்று கேட்கலாம். 1970-களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் பால்மரத்தடியில் செம்மறி வளர்க்கும் ஆய்வை நடத்தினார்கள். களையெடுக்கும் செலவு குறையும், இறைச்சியும் கிடைக்கும் என்பது நோக்கம். கன்று மரமாக இருக்கும் சில ஆண்டுகளுக்குத் தீனி ஏராளம். மரம் வளர்ந்து நிழல் மூடியதும் புல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பழைய தோட்டங்களில் பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி ஆடு தொடாத செடிதான். அதிலும் உண்ணிச்செடியைத் தின்றால் ஈரல் கெடும். சிக்னல் புல்லையே மேய்ந்த செம்மறிகள் முகம் வீங்கி, வெயில் பட்ட தோல் புண்ணாகி மாண்டதும் இந்நாட்டில் கண்டதே.

இனி ஆட்டைப் பரிசோதிக்கும் விதம். கம்பளியை நம்பலாகாது, உள்ளே இருக்கும் மெலிவை அது மறைத்துவிடும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகில் கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பின் முனைகள் சீப்புப் பல்போல் கூராகத் தட்டுப்பட்டால் மிக மெலிந்தது என்று கொள்க. அடுத்து வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். முன்பல் விழுந்த கிழ ஆடு புல்லைக் கடித்து மேய முடியாது. அதற்கு எத்தனை பணிவிடை செய்தாலும் பயன் சொற்பமே. கம்பளியை விலக்கிப் புழு வைத்த புண் உண்டா என்றும் நோக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் கண். கீழிமையை மெல்ல இழுத்தால் உட்புறம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இந்த நிறங்களை ஐந்து படிகளாகப் பிரித்து ஃபமாச்சா என்ற அட்டையே தயாரித்திருக்கிறார்கள். வெளுப்புக்குப் பெரும்பாலும் ஹீமோங்கஸ் என்னும் வயிற்றுப்புழுவே காரணம். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். அற்பம்தானே என்று எண்ணலாகாது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. இருபது நாளில் ஒரு லிட்டர்! தாடைக்குக் கீழே நீர்கோத்துத் தொங்கினால் முற்றிய நிலை என்று அறிக. அந்த ஆட்டைத் துரத்திப் பிடிப்பதுகூட உயிருக்கு ஆபத்து.

புழுமருந்தைக் கண்ணளவில் ஊற்றுவது நம்மவரிடையே உள்ள பெருந்தவறு. குறைந்த அளவு கொடுத்தால் வலுவான புழுக்கள் மட்டும் தப்பிப் பெருகும். இந்நாட்டில் பல மருந்துகள் பலனற்றுப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். சபாவின் அரசாங்கப் பண்ணைகளில் எல்லா மருந்தும் தோற்றதாக 2004-இல் ஆய்வு வெளிவந்தது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு நம் எடையைக் கழித்தால் அதன் எடை தெரிந்துவிடும். எந்த மருந்து என்பதை மிருக வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். ஈப்போவில் 1948 முதல் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இயங்கி வருவது நமக்கு வாய்த்த வசதி. புழுக்கையைச் சோதித்தறிய மாவட்டக் கால்நடை அலுவலகத்தை அணுகலாம்.

தீனி விஷயத்துக்கு வருவோம். செம்மறியின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லைச் செரிக்க வைக்கின்றன. பட்டினியால் அவையும் குன்றிவிடும். அந்நிலையில் சோறு, ரொட்டி, அரிசி, சோளம் என்று இரக்கத்தோடு குவித்தால் வயிற்றில் அமிலம் பொங்கும். ஆடு தீனியை விட்டுவிட்டுப் பல்லைக் கடிக்கும். வயிறு உப்பும், கழியும். ஓரிரு நாளில் சாயும். முன்னே சொன்ன மூன்றாம் நாள் மரணம் இதுதான்.

ஆகவே முதல் மூன்று நாளும் சுத்தமான தண்ணீரும், நறுக்கிச் சற்று வாடவிட்ட புல்லும், பலா இலையும் போதும். சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். மழைச்சாரல் படாத, தரையிலிருந்து உயர்த்திய பலகைக் கொட்டகை வேண்டும். எழ மாட்டாத ஆட்டை நெஞ்சின்மேல் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு மூன்று மணிக்கொரு முறை பக்கம் மாற்ற வேண்டும். நான்காம் நாள் ஒரு கைப்பிடித் தவிடு. நான்கைந்து நாளைக்கொரு முறை இன்னொரு பிடி. இப்படி இரண்டு மூன்று வாரத்தில் வயிறு பழகிவிடும். 20 கிலோ ஆடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கிலோ பச்சைப்புல் தின்னும் என்பதைக் கணக்கில் கொள்க.

செம்பனைப் புண்ணாக்கு இங்கே மலிவு. மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால் அதிலுள்ள செம்புச் சத்து செம்மறியின் ஈரலில் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று இரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து ஆடு மாண்டுபோகும். அதையே முழுத்தீனியாகப் போடலாகாது.

தேறிய ஆட்டைக் காலைப் பனி உலர்ந்தபின், ஒன்பது பத்து மணிக்கு அவிழ்த்துவிடலாம். ஈரப்புல்லின் நுனியில்தான் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும். ஓரிடத்தில் மூன்று நான்கு நாளுக்கு மேல் மேயவிடாமல், அதே இடத்துக்கு ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் அவற்றுள் பெரும்பாலானவை அழிந்திருக்கும்.

நாளுக்கு 50 முதல் 100 கிராம் ஏறினால் நல்ல தேர்ச்சி. ஐந்து கிலோ கூடுவதற்கே 50 முதல் 100 நாள் ஆகும். குர்பானிக்கென்று வாங்குபவர் ரமலானுக்கு முன்பே வாங்கிவிடுவது உத்தமம். மருந்து கொடுத்த தேதியையும் எழுதி வைக்க வேண்டும். புட்டியில் குறித்துள்ள நாட்கள் கழியுமுன் அறுக்கலாகாது.