76 பெரிதா, 63 பெரிதா? அமெரிக்காவில் தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வேலை மாறிப் போகும் தமிழ்க் குடும்பம் வாடகை வீட்டைத் தேடத் தொடங்கும்போதே பள்ளியையும் தேடத் தொடங்கிவிடுகிறது. அங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது பெரும்பாலும் முகவரியைப் பொறுத்தது. எந்தத் தெருவில் குடியிருக்கிறார்களோ, அந்தத் தெருவுக்குரிய தொடக்கப் பள்ளிதான் பிள்ளைக்கு. ஸில்லோ போன்ற வீடு தேடும் தளங்களில் ஒவ்வொரு வீட்டின் விவரத்தோடும் அருகிலுள்ள பள்ளிகளுக்கு கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பு கொடுத்த மதிப்பெண் இருக்கும்: பத்துக்கு ஒன்பது, பத்துக்கு ஐந்து என்று. ஒன்பது வாங்கிய பள்ளியின் எல்லைக்குள் வாடகை ஏறிக் கிடக்கும். ஐந்து என்று கண்டதும் பலர் அந்த வீட்டையே விட்டுவிடுகிறார்கள்.

இந்த அவசரம் வேண்டாம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு வேறு மாதிரி அமையும். தொடக்கப் பள்ளிக்கு அதன் அடிப்படை மாநிலத் தேர்வு முடிவுகள்தான்.

மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு நடத்த வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்கிறது. 2002இல் வந்த இந்த விதி, 2015 சட்டத்திலும் தொடர்கிறது. தொடக்கப் பள்ளி என்பது பெரும்பாலும் கிண்டர்கார்ட்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை. ஆக, பள்ளியின் தேர்ச்சி விகிதம் என்று காட்டப்படுவது மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் மட்டுமே. கிண்டர்கார்ட்டனில் சேரப்போகும் குழந்தை முதல் மூன்று ஆண்டுகளைக் கழிக்கப்போகும் வகுப்புகளைப் பற்றி அதில் நேரடியாக எதுவும் இல்லை.

இன்னொன்று முக்கியம். இரண்டு பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் 76 சதவீதம் பேர் தேர்ச்சி, இரண்டாவதில் 63. யாரைக் கேட்டாலும் முதல் பள்ளியைத்தான் சொல்வார்கள். இப்போது மாணவர் விவரத்தைப் பிரித்துப் பார்ப்போம். முதல் பள்ளியில் பத்தில் ஒரு பிள்ளைதான் ஏழைக் குடும்பம்; இரண்டாவதில் பாதிப் பேர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பள்ளியிலும் 80 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளில் முதல் பள்ளியில் 40 சதவீதம், இரண்டாவதில் 46 சதவீதம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 76, 63 என்ற அதே விடைதான் வரும். வசதியுள்ளவர்களுக்கு இரண்டும் சமம். ஏழைப் பிள்ளைகளுக்கு இரண்டாவதே மேல். ஒட்டுமொத்த எண் இதைச் சொல்லாது. ஒவ்வொரு மாநிலமும் வருமானம், இனம், ஆங்கிலப் பயிற்சி, மாற்றுத்திறன் என்று பிரிவு வாரியாக மதிப்பெண்ணை வெளியிட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள இறுக்கமான தொடர்பை 1966லேயே ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான அரசு ஆய்வு எடுத்துக்காட்டியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன், நாடு முழுவதும் உள்ள தேர்வு முடிவுகளைத் திரட்டி இன்னொரு படி மேலே போனார். சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு ஒட்டியே போகிறது. ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு எவ்வளவு கற்கிறார்கள் என்ற வேகம் வசதியோடு அவ்வளவாக ஒட்டவில்லை. சிகாகோ இதற்குப் பேர்பெற்ற உதாரணம். 2009 முதல் 2014 வரையிலான கணக்கில், அந்நகரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்புக்குள் ஐந்தே ஆண்டில் ஆறு ஆண்டுப் படிப்பை எட்டிப் பிடித்தார்கள். சராசரியை மட்டும் பார்த்தவர்கள் அந்தப் பள்ளிகளை ஒதுக்கியிருப்பார்கள். ரியர்டன் குழுவின் தளத்தில் பள்ளி வாரியாகவே இந்தக் கற்றல் வேகத்தைப் பார்க்கலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். டெக்சாஸ் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் கொடுக்கிறது. அதன் உள்ளே ‘பள்ளி முன்னேற்றம்’ என்ற பகுதி உண்டு. ஒரே பிள்ளை சென்ற ஆண்டைவிட எவ்வளவு முன்னேறியது என்பதோடு, இதே அளவு ஏழைப் பிள்ளைகள் படிக்கும் மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளி எங்கே நிற்கிறது என்பதையும் அது காட்டும். பெற்றோருக்கு இதைவிடப் பயனுள்ள பகுதி வேறில்லை. ஆனால் தரம் எந்த ஆண்டுக்குரியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நீதிமன்ற வழக்கால் 2023ஆம் ஆண்டுத் தரங்கள் 2025இல்தான் வெளியாயின. கலிஃபோர்னியா சிவப்பு முதல் நீலம் வரை ஐந்து நிறங்களில் காட்டுகிறது. நிறத்தில் இந்த ஆண்டு நிலையும் சென்ற ஆண்டிலிருந்து வந்த மாற்றமும் கலந்திருக்கும். அந்த மாற்றம் ஒரே பிள்ளைகளின் வளர்ச்சி அல்ல, இரண்டு ஆண்டுகளின் வெவ்வேறு பிள்ளைகளை ஒப்பிட்டது.

மதிய உணவுக் கணக்கிலும் கவனம் தேவை. குடும்ப வருமானம் மத்திய வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. இதைத்தான் பல தளங்கள் ஏழ்மையின் அளவாகக் காட்டுகின்றன. ஆனால் ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகள் எல்லோருக்கும் இலவசமாகவே சாப்பாடு போடலாம் என்ற திட்டம் 2014இல் நாடெங்கும் வந்தது. 2023இல் அதன் தகுதி வரம்பு மேலும் தளர்ந்தது. அதனால் சில பள்ளிகளுக்கு 100 சதவீதம் என்று நிற்கும். அங்கே படிப்பவர்கள் அத்தனை பேரும் ஏழைகள் என்று பொருளில்லை.

தமிழ்க் குடும்பங்களை நேரடியாகத் தொடுவது சேர்க்கைப் படிவம். ‘குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது’ என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். கலிஃபோர்னியாவில், பள்ளியில் சேர்ந்த 30 நாளுக்குள் இது நடக்கும். இதற்குப் பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிடும் பெற்றோர் உண்டு. உண்மையை எழுதுவதே நல்லது. ஆங்கிலம் போதவில்லை என்றால் கூடுதல் பயிற்சி தருவது பள்ளியின் சட்டக் கடமை. ஆங்கிலப் பயிற்சி பெறும் பிரிவின் மதிப்பெண் பெரும்பாலும் தாழ்ந்தே தெரியும், ஏனென்றால் ஆங்கிலம் தேறிய பிள்ளைகள் நாளடைவில் அந்தப் பட்டியலைவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் எத்தனை பேர் அப்படித் தேறி வெளியேறுகிறார்கள் என்று கேட்பதே சரியான கேள்வி. இனவாரி மதிப்பெண்ணில் ‘ஆசியர்’ என்ற கட்டத்தை வைத்தும் பெரிதாக முடிவு கட்ட வேண்டாம். தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, வியட்நாம் பிள்ளை, மோங் அகதிக் குடும்பத்துப் பிள்ளை எல்லோரும் அந்த ஒரே கட்டத்துக்குள்தான்.

சிறிய பள்ளியின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் 60 பேர் தேர்வெழுதினால், ஐந்து பிள்ளைகள் தவறினாலே எட்டு சதவீதம் சரிந்துவிடும். மூன்றாண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் போதும். மாணவர்–ஆசிரியர் விகிதமும் வகுப்பின் அளவும் வேறு வேறு. முன்னதில் வகுப்பு எடுக்காத சிறப்பு ஆசிரியர்களும் சேர்ந்துவிடுவார்கள். வகுப்பில் எத்தனை பேர் என்று பள்ளியிலேயே கேட்டுவிடலாம். வருகையையும் பார்க்க வேண்டும்: பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்பதை மாநிலங்கள் வெளியிடுகின்றன. 180 நாள் பள்ளியில் அது 18 நாள். ஒரே மாதிரிக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்றில் இது இரண்டு மடங்கு என்றால், அங்கே ஏதோ சரியில்லை.

ஆக, தேர்வு இப்படி அமையலாம். கற்றல் வேகத்தைக் காட்டும் வளர்ச்சி எண்ணும், நம் பிள்ளையைப் போன்ற பிள்ளைகளின் பிரிவு மதிப்பெண்ணும் இரண்டு பள்ளிகளில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், பல நூறு டாலர் கூடுதல் வாடகை கொடுத்து ஒன்பது மதிப்பெண் பள்ளிக்குப் போகத் தேவையில்லை. நடந்து போகும் தூரத்தில் உள்ள ஆறு மதிப்பெண் பள்ளியே போதும். வளர்ச்சி தொடர்ந்து மூன்றாண்டு தாழ்ந்திருந்தால், ஒட்டுமொத்த மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்தப் பள்ளியைத் தவிர்க்கலாம். குலுக்கலில் இடம் தரும் மேக்னட் (ஒரு துறைக்குத் தனி முக்கியத்துவம் தரும் அரசுப் பள்ளி), இருமொழிப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் காலம் பல பள்ளி மாவட்டங்களில் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். அதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அந்த முகவரி எந்தப் பள்ளிக்குரியது என்பதைப் பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், எல்லைகள் மாறுவதுண்டு.