மருமகளுக்கு, காரைதீவிலிருந்து

அன்பு மருமகளுக்கு,

நேற்றிரவு உன் அம்மா தொலைபேசியில் கதைத்தா. கதைத்தது பாதி, அழுதது பாதி. ஒட்டாவாவில் வெளிவிவகார அமைச்சின் மனிதாபிமான உதவிப் பிரிவில் உனக்கு வேலை சரிவந்திருக்கிறதாம். சூடான் அகதிகள் வந்து சேரும் அட்ரேக்கு, அதுதான் சாட் நாட்டு எல்லைக்கு, ஒரு தொண்டு நிறுவனமும் கூப்பிட்டிருக்கிறதாம். நீ அட்ரே பக்கம் சாய்கிறாய் என்றா. முடிவு உன்னுடையது. நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் மனதில் கிடப்பதைச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

"மேசையில் இருந்து தாள் புரட்டுவதா உதவி?" என்று அம்மாவிடம் கேட்டாயாம். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

2005 தை மாதம் உனக்கு நாலு வயது. நீ ஸ்காபரோவில் பனிக்குள் விளையாடிக்கொண்டிருந்தாய். நாங்கள் சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைக் கடல் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். கனடா தன் இராணுவத்தின் இடர் உதவி அணியை இங்கே அனுப்பியது. ஏறத்தாழ 200 பேர். அவர்களை ஏற்றிவரத் தகுந்த பெரிய விமானம் கனடாவிடம் இருக்கவில்லை, அன்டனோவ் விமானங்களை வாடகைக்கு எடுத்தார்கள். அலை அடித்து இரண்டு கிழமை கழித்துத்தான் வேலை தொடங்கியது. ஆனாலும் வந்தவர்கள் உழைத்தார்கள். ஏறக்குறைய 35 லட்சம் லீற்றர் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள், 7,000 பேருக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். அந்தத் தண்ணியை நானும் குடித்தேன். நன்றி மறந்து எழுதவில்லை.

எனக்கு ஆறாதது எங்கள் கிணறு.

வளவுக் கிணற்றைப் பற்றி அம்மா சொல்லியிருப்பா. இது கடற்கரை மணல். மழைத்தண்ணி கீழே இறங்கி, உவர்த்தண்ணிக்கு மேலே மெல்லிய படையாய் நிற்கும். அதை வாளியால் அள்ளிக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். கடல் ஏறியதும் கிணறு உப்பாகிப்போனது. மாரி மழை கழுவட்டும், பொறுங்கள் என்றார்கள் ஊர்க் கிழவர்கள். அதற்குள் ஒரு நிறுவனம் பம்பியோடு வந்து அடிமட்டும் இறைத்து, குளோரின் போட்டு, கிணற்றுக் கட்டில் இலக்கம் எழுதிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் இன்னொன்று வந்து மறுபடி இறைத்தது. அடுத்த கிழமை வேறொன்று. இறைக்க இறைக்க அடியிலிருந்த உவர் மேலே ஏறியது. நான் போய்ச் சொன்னேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பொடியனுக்கு. மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: "ஐயா, இந்தக் கிழமைக்குள்ள 40 கிணறு முடிக்க வேணும்."

அவனிடம் ஒரு படிவம் இருந்தது. இறைத்த கிணறு எத்தனை என்று அதில் ஒரு கட்டம். எத்தனை கிணற்றில் தண்ணி குடிக்கலாம் என்று கேட்கிற கட்டத்தைக் காணவில்லை. கடற்கரையில் வெயிலுக்குள் நின்ற அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அந்தப் படிவத்தை எழுதியவர் எங்கோ ஒரு மேசையில் இருந்தார். அந்த மேசையில் எங்கள் மண்ணைப் பற்றிக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. இருபது வருடமாக நான் இதையே சொல்கிறேன் என்று மாமி சலித்துக்கொள்வா. சலிக்கட்டும்.

கனடா அரசு தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பது மிகக் குறைவு. இராணுவ அணி எப்போதாவது போகும். மற்றபடி காசு உலக உணவுத் திட்டம், ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆர், செஞ்சிலுவை, தொண்டு நிறுவனங்கள் என்று கைமாறித்தான் போகிறது. அந்தக் காசோடு நிபந்தனைகளும் சேர்ந்து போகின்றன. சுனாமி நேரம் கனடாவின் உணவு உதவியில் 90 வீதத்தைக் கனடாவிலேயே வாங்க வேண்டும் என்ற விதி இருந்தது. அம்பாறை வயல்களில் பெரும்போக நெல் முற்றி நின்ற மாதம் அது! 2005இல் அந்த 90ஐ 50 ஆக்கினார்கள், 2008இல் விதியையே எடுத்துவிட்டார்கள். அந்த மாற்றம் எந்த முகாமிலும் நடக்கவில்லை, ஒட்டாவாவில்தான் நடந்தது. 2016இல் இஸ்தான்புலில், மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை 2020க்குள் அந்தந்த நாட்டு அமைப்புகளுக்கு இயன்றளவு நேராகச் சேர்ப்போம் என்று கொடையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். கனடாவும் ஒப்புக்கொண்டது. 2020 வந்துபோனது, மொத்தத்தில் அந்த 25ஐ எட்டவில்லை. அந்தத் தாளை விடாமல் புரட்டிக் கேள்வி கேட்க அங்கே ஒரு ஆள் வேண்டும், பிள்ளை.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. ஐ.நா. கணக்கில் 2024இல் மட்டும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். 1990இல் உன் சின்ன மாமா அரிசி மூட்டைகளோடு லொறியில் ஏறியபோது, "பின்னேரம் வந்திடுவன்" என்றுதான் சொன்னான். அம்மா இப்பவும் லொறிச் சத்தம் கேட்டால் எழும்பி நிற்கிறா. அதை நீயே பார்த்திருப்பாய்.

இவ்வளவும் எழுதிய பிறகு திரும்ப வாசித்தேன். பிரசங்கம் கூடிவிட்டது. பொறுத்துக்கொள். இப்படி ஒரு கேள்வி உனக்கு வந்ததே எங்களுக்குப் பெருமை. நீ அட்ரேக்குப் போனாலும் கோயிலில் முதல் அர்ச்சனை உன் பெயருக்குத்தான். போனால், அங்கே கிணறு வெட்டிப் பழகிய ஒரு கிழவரைத் தேடிப் பிடித்து அவர் பக்கத்தில் இரு. எதைச் செய்ய முந்தியும் அவரைக் கேள். போகாவிட்டால் அம்மா நித்திரை கொள்ளுவா.

எதுவானாலும் சித்திரைக்கு ஒருக்கா வந்திட்டுப் போ. மாமி உனக்கென்று கட்டித் தயிருக்கு ஒரு புதுச்சட்டி வாங்கி வைத்திருக்கிறா. குடிக்கக் குழாய்த் தண்ணி வந்திட்டுது. கிணற்றுத் தண்ணி இன்னும் உப்புத்தான்.

அன்புடன்,
மாமா