மாமாவுக்குக் கிடைத்த மாத்திரை

ஹெபடைடிஸ் சி கேள்விப்பட்டிருக்கீங்களா? இரத்தம் வழியாகப் பரவும் வைரஸ். பல வருஷம் சத்தமே காட்டாமல் கல்லீரலைக் கெடுக்கும்.

2010-இல் என் மாமாவுக்கு இது இருப்பது தெரிந்தது. அப்போது இன்டர்ஃபெரான் ஊசிதான். வாரம் ஒன்று, மாதக்கணக்கில்! ஊசி போட்ட ராத்திரியெல்லாம் காய்ச்சல், நடுக்கம் என்று அத்தை சொல்வார். மாமா பாதியிலேயே விட்டுட்டார்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. வைரஸ் தன்னை நகல் எடுக்கும்போது, போலிச் செங்கல் மாதிரி இது உள்ளே நுழைந்து கட்டட வேலையையே நிறுத்திவிடும்! ஆனால் அங்கே ஒரு மாத்திரை 1000 டாலர். (நம்பவே முடியலை!) 2015 முதல் நம் நாட்டுக் கம்பெனிகள் குறைந்த விலைக்குத் தயாரித்தன.

2016-இல் மாமா இதையும் டக்ளாடாஸ்விரையும் 12 வாரம் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை. வைரஸ் இல்லை! அந்தக் காலி டப்பாவை அத்தை இன்னும் வைத்திருக்கிறார்.